கடைக் கண்ணாடியும் கடதாசிக் கப்பும்

கடைக் கண்ணாடி துடைக்கிற தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: வேலை முடிந்த பிறகு அங்கே கண்ணாடி இருப்பதும் தெரியக் கூடாது, துடைத்தவன் இருந்ததும் தெரியக் கூடாது.

மொன்றியலுக்கு அகதியாக வந்து டவுன்டவுன் உணவகங்களின் நிலவறையில் பாத்திரம் கழுவியவர்களே, துறைமுகத்தில் பெட்டி இறக்கி முதுகு முறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இந்த நகரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தீர்கள். எனக்கு முன்பக்கம் கிடைத்தது. எண்பதுகளில் சில வருடங்கள் ஒரு கிரேக்க முதலாளியின் வான் வண்டியில் ஏணியும் வாளியும் ஏற்றிக்கொண்டு, சேர்புரூக் வீதி, சென்ட் டெனி, சென்ட் லோரன்ட் என்று கடை கடையாகக் கண்ணாடி துடைத்தேன். தொப்பிக்கு ஒரு கடை, கையுறைக்கு ஒரு கடை, பொத்தானுக்கு மட்டும் ஒரு கடை. குளிர்காலத்தில் தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்துவிடும் என்பதால் வாளிக்குள் ஸ்பிரிட் ஊற்றுவோம். அந்த மணம் இன்னும் என் கைகளில் இருக்கிறது. என்னோடு வேலை செய்தவன் யோசேப்பு, மட்டக்களப்பான், வேதக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். உள்பக்கக் கண்ணாடி அவனுக்கு, வெளிப்பக்கம் எனக்கு.

என்னைப் பற்றி இரண்டு சொல். யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதி மனிதருக்குத் தேநீர்க்கடையில் இருக்கை இல்லாத காலம் ஒன்று இருந்தது. மற்றவர்களுக்குப் பித்தளை மூக்குப்பேணி, எங்களுக்குச் சோடாப் போத்தில். அதையும் வெளியே நின்று குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும். அந்தக் கடைகளுக்கு முன்னால் நாள்கணக்கில் மறியல் இருந்தவர்களில் நான் ஒருவன். சைக்கிள் செயினால் வாங்கிய தழும்பு முதுகில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரங்கள். பிறகு எழுதியதும் அவைதான். அந்த நாட்களில் ஒரு தீர்மானம் எடுத்தேன்: மற்றவனுக்குக் கொடுக்கும் ஏனத்தில் எனக்கும் தராத கடையில் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. வயது போனது, நாடு போனது, அந்தத் தீர்மானம் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவி இராசமணியும் மகள் வெண்ணிலாவும் ஊரிலேயே இருந்தார்கள். நான் அறை மாறி அறை மாறித் திரிந்ததால் அவர்களுடைய கடிதங்கள், கோட் டி நேஜில் எங்கள் ஊரவர் ஒருவர் வைத்திருந்த பலசரக்குக் கடையின் விலாசத்துக்கே வந்தன. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு எனக்கிருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கடை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது.

முன்வாசல்

சேர்புரூக் வீதியில் மிருகத்தோல் மேலங்கி விற்கும் கடை ஒன்று. பித்தளைக் கைப்பிடி, சிவப்புக் கம்பளம். முழுக் கடைக்கும் பத்து மேலங்கிதான் தொங்கும். விற்கிற பொருள் குறைவாக இருந்தால்தான் விலை கூட என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதல் நாள், சுடுதண்ணீர் எடுக்க வாளியோடு உள்ளே காலை வைத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த மேலாளர் அம்மா ஒரு விரலை நீட்டிப் பின் ஒழுங்கையைக் காட்டினார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. வாளியைக் கம்பளத்தின் நடுவிலே வைத்தேன். தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, வாசல் என்பது மனிதன் நடப்பதற்கு, என் நாட்டில் இப்படியான வாசல்களைத் திறக்க மனிதர் செத்திருக்கிறார்கள், நான் எந்தப் பின்வாசலாலும் போகிறவனில்லை என்று பேசினேன். மேலங்கி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீமாட்டி, நான் ஏதோ விற்கிறேன் என்று நினைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். மேலாளர் அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சத்தமில்லாமல், ஒரு வெட்கமும் இல்லாமல் சொன்னார்: "நானும் பின்வாசலால்தான் வருகிறேன், மெஸ்யே. பதினெட்டு வருடமாக. முன்வாசல் வாங்குகிறவர்களுக்கு."

மூடி

சென்ட் டெனியில் பெண்களுக்கான தொப்பி மட்டும் செய்து விற்கும் கடை. இறகு குத்தியது, வலை தொங்குவது, கவிழ்த்த சட்டி போல ஒன்று. ஊரில் மனிதர் தலைக்கு மேல் குண்டு விழுகிறபோது இங்கே தலைக்கு இறகு வைக்கிறார்களே என்று ஒவ்வொரு கிழமையும் எனக்கு எரியும். கடைக்காரி எழுபது வயதுக் கிழவி. தானே தொப்பி தைப்பாள். வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு "பொன்ஜூர்" சொல்வாள்.

ஒரு தை மாதக் காலை. நான் வெளியே ஏணியில், யோசேப்பு உள்ளே. கிழவி மேலங்கி போட்டுக்கொண்டு எங்கேயோ போய்வந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து ஒரு கடதாசிக் கப்பை என்னிடம் நீட்டினாள். கோப்பி. வாங்கிக்கொண்டு, நானே சற்று முன் துடைத்த கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். யோசேப்பு நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பையில், சாசரோடு, குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே திரும்பிப் போன அவளுடைய கையிலும் பீங்கான். எனக்கு மட்டும் கடதாசி. இருபது வருடத்துக்கு முந்திய சோடாப் போத்தில் ஒரு நொடியில் திரும்பி வந்தது. கப்பின் மூடியைக் கழற்றி, கோப்பி முழுவதையும் அவளுடைய வாசல் பனியில், அவள் பார்க்கத்தக்கதாக, மெதுவாக ஊற்றினேன். வெள்ளைப் பனியில் அந்தக் கறை பெரிதாகப் பரவியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

யோசேப்பு ஓடி வந்தான். கிழவியிடம் இரண்டே கோப்பைதான். வெளியே நிற்கிறவனுக்கு ஆறிப்போகும், கையுறையோடு பீங்கான் பிடிக்க வராது என்று, மூடியுள்ள கப் வாங்கத்தான் அவள் வெளியே போயிருந்தாள். அவன் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணன், அந்த மூடிக்காக மனிசி மூணு டெப்பனர் கடை ஏறி இறங்கின கா. நீங்க பனிக்குக் கோப்பி குடுத்திட்டீங்க."

கலியாண உடுப்பு

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் பழகவில்லை. மூன்று கிழமை அவளுடைய கதவுப் பித்தளையையும் சேர்த்துத் துடைத்தேன், அவ்வளவுதான். தீர்மானத்தில் பிழையில்லை, ஆள்தான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் மிச்சமாக இருந்தது. அதைச் சென்ட் ஹியூபர்ட் வீதிக்குக் கொண்டு போனேன்.

அந்த வீதியில் வரிசையாகக் கலியாண உடுப்புக் கடைகள். கண்ணாடி முழுவதும் தலையில்லாத மணப்பெண்கள். சீதனத்தை எதிர்த்து மூன்று பிரசுரம் எழுதியவன் நான்; ஒரு நாள் உடுக்கிற உடுப்புக்கு ஒரு வருட உழைப்பைக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு கடையில், நாங்கள் போனதும் முதலாளியம்மா திரைச்சீலையை இழுத்து மூடுவாள். உள்ளே பெண்கள் உடுப்புப் போட்டுப் பார்க்கிறார்களாம். நியாயம்தான் என்று இருந்தேன். ஆனால் முன்பு வந்த துடைப்பவனுக்குத் திரை மூடியதில்லை என்று கிரேக்க முதலாளியே சொன்னான். முன்பு வந்தவன் வெள்ளையன்.

ஒரு நாள் அந்தத் திரை உள்ளிருந்து சடாரென்று திறந்தது. மணப்பெண் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வெள்ளை உடுப்போடு ஏணிக்கு நேரே நின்று, எப்படி இருக்கிறது என்று கையால் கேட்டாள். நான் ரப்பர் தகட்டை நிறுத்தினேன். கோபத்தில் இருந்தவன் பொய் சொல்வானா? கை நீளம் கூட, உன் விரல் தெரியவில்லை என்று சைகையால் காட்டினேன். முதலாளியம்மா பின்னால் நின்று கத்தினாள். மணப்பெண் திரும்பிச் சொன்னது கதவுக்குள்ளால் தெளிவாகக் கேட்டது: "நாலு கடையில் எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். இவருக்கு என்னிடம் விற்க ஒன்றும் இல்லை, அதனால்தான் இவரைக் கேட்கிறேன்."

பசை

சென்ட் லோரன்டில் ஒரு கையுறைக் கடை. கீழே கடை, மேலே தையல்கூடம். கீழே ஒரு சோடிக் கையுறையைப் பட்டுத் துணியில் படுக்க வைத்திருப்பார்கள். மேலே அதைத் தைத்த பெண்கள் சிறுநீர் கழிக்கப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். ஒரு காலை கடைக் கண்ணாடி முழுவதும் அந்தப் பெண்களின் சுவரொட்டி. வேலைநிறுத்தம். கடை முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, சுரண்டி எடு என்றான்.

சுவரொட்டி ஒட்டி மறியலுக்குப் போனவன், சுவரொட்டி சுரண்ட வந்து நிற்கிறேன். சோறு அப்படிச் செய்யும். தலையைக் குனிந்துகொண்டு சுரண்டும் தகட்டை வைத்தேன். வைத்ததுதான் தாமதம், கடதாசி வாழையிலை போல் முழுதாகக் கழன்று விழுந்தது. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் ஒட்டுகிற பசை! வாசலில் பதாகையோடு நின்ற போர்த்துக்கீசப் பெண்ணைக் கூப்பிட்டேன். போராடுவதென்றால் ஒழுங்காகப் போராடு பிள்ளை என்றேன். கோதுமை மா, தண்ணீர், கட்டி படாமல் காய்ச்சு, பளபளவென்று வரும்வரை இறக்காதே, சுடச்சுடப் பூசு, மேலேயும் ஒருமுறை பூசு. அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அடுத்த கிழமை முதலாளி மறுபடியும் கூப்பிட்டான். சுவரொட்டி கண்ணாடியோடு கண்ணாடியாக இருந்தது. தகடு இரண்டு முறிந்தது. ஸ்பிரிட் ஒரு போத்தில் முடிந்தது. மத்தியானமாகியும் ஒரு மூலைதான் வந்தது. போர்த்துக்கீசப் பெண் எதிர்ப்பக்கம் நின்று கைதட்டினாள். யோசேப்பு குளிரில் விறைத்த விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்: "இது யாரிட கைப்பக்குவம் எண்டு எனக்குத் தெரியும் அண்ணன். மறுகா நீங்களே சுரண்டுங்க."

நாற்பது கறுப்பு

அதே வீதியில் பொத்தான் கடை. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் சின்னச் சின்ன லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று தைத்திருக்கும். கடைக்காரர் போலந்திலிருந்து யுத்தத்துக்குப் பிறகு வந்த கிழவர். என் மேலங்கியில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டது. ஒரு கறுப்புப் பொத்தான் தாருங்கள் என்றேன். அவர் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து மேசையில் அடுக்கத் தொடங்கினார். மங்கல் கறுப்பு, மினுங்கல் கறுப்பு, கொம்பில் செய்தது, கண்ணாடியில் செய்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கறுப்பென்றால் கறுப்புத்தானே ஐயா, ஏன் மனிதனை வதைக்கிறீர்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டதை அவமதிப்பாக எடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது: "கறுப்பில் நாற்பது தரம் இருக்கிறது. உங்கள் நாட்டில் உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையா?"

எவடம்?

சொல்லித் தந்தார்கள். இப்போது எங்கள் கடைக்கு வருகிறேன்.

கோட் டி நேஜில் எங்கள் ஊரவர் வைத்திருந்த அந்தப் பலசரக்குக் கடையைப் பற்றி முன்பே சொன்னேன். அரிசிமா, மிளகாய்த்தூள், வாடகைக்குப் படக் கசெற். கடைக்காரரை எல்லோரும் முதலாளி அண்ணை என்பார்கள். என்னை அவர் அண்ணை என்பார். சனிக்கிழமைக் காலையில் கடையின் பின்மூலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அகதி விசாரணை, ஊர்ச் செய்தி, பனிச் சப்பாத்து மலிவாக எங்கே என்று கதை போகும். முதலாளி சும்மா தேத்தண்ணி கொடுப்பார், எவர்சில்வர் பேணியில், எல்லோருக்கும். கண்ணாடியை நான் சும்மா துடைத்துக் கொடுப்பேன். கிழமைக்கு ஒருமுறை நான் மனிதனாக இருந்த இடம் அது.

அவருக்கு ஒரு பழக்கம். நம்மில் பலருக்கு உள்ள பழக்கம்தான். "ஊரிலை எவடம் அண்ணை?" யாழ்ப்பாணம். "யாழ்ப்பாணம் பெரிசு, அதிலை எவடம்?" சந்தியின் பெயரைச் சொன்னேன். "சந்திக்கு எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" இந்தக் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். நான் ஒளிக்கிறவனில்லை, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதில்லை என்பது என் கொள்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டிலை பஸ்தானே அண்ணை குடியிருக்கும்" என்றார். அவ்வளவில் விட்டார்.

இராசமணி கடித உறையின் பின்பக்கத்தில் தன் பெயரையும் யாழ்ப்பாணம் என்பதையும் மட்டும்தான் எழுதுவாள். அவளுக்கும் உலகம் தெரியும். ஆனால் அந்த ஐப்பசியில் உறையை வெண்ணிலா எழுதியிருந்தாள். பத்து வயது. அனுப்புபவர் விலாசம் முழுமையாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு இலக்கம், ஒழுங்கை, கோயில், குறிச்சி எல்லாம் முத்து முத்தான எழுத்தில், அடிமட்டம் வைத்துக் கோடு கீறி. முதலாளி உறையைத் திருப்பினார். வாசித்தார். மறுபடி வாசித்தார். என்னிடம் நீட்டினார், விரல் என் விரலில் படவில்லை. "ஓ," என்றார், "அங்கையோ?"

வீட்டுப் பேணி

அடுத்த சனிக்கிழமை எனக்குத் தேத்தண்ணி கடதாசிக் கப்பில் வந்தது. வாசகர்களே, நான் உடனே கொதித்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. தொப்பிக் கடைக் கிழவி என் கண் முன்னால் நின்றாள். மறுபடியும் பிழை விடாதே என்று எனக்கு நானே சொன்னேன். மூடி இருக்கிறதா என்று மேசையில் தேடினேன். "பேணி இல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டேன். "கழுவேல்லை" என்றார். அவருக்குப் பின்னால் தட்டில் ஆறு பேணி கழுவிக் கவிழ்த்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வயிற்றில் புளிப்பு என்று சொல்லிக் குடிக்காமல் வந்தேன். அதற்கடுத்த கிழமையும் கடதாசி. அண்ணை என்ற சொல்லும் அன்றோடு நின்றுபோய், நான் "நீர்" ஆனேன்.

மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. கடையோடு பகைத்தால் கடிதம் எங்கே வரும்? ஊரில் எங்கள் பக்கம் குண்டு விழுந்த செய்தி வந்திருந்தது. ஐப்பசிக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. சனிக்கிழமை போவது, கடிதம் இல்லை என்று கேட்பது, கப்பைத் தொடாமல் திரும்புவது. யோசேப்பை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே அவனுக்குப் பேணி.

மாசியில் ஒரு சனிக்கிழமை, யோசேப்போடு உள்ளே போனதுமே முதலாளியின் கையில் விமானத் தபால் உறையைக் கண்டேன். வெண்ணிலாவின் எழுத்து. கை நீட்டினேன். அவர் கப்பை என் பக்கம் தள்ளினார். "முதல்லை தேத்தண்ணியைக் குடியும், பேந்து தாறன். மாசக்கணக்காப் பாக்கிறன், என்ரை கடைத் தேத்தண்ணி உமக்கு நஞ்சோ?" "பேணியிலை தாரும், குடிக்கிறன்" என்றேன். "கப் புதுசு. ஒருத்தரும் வாய் வைக்கேல்லை. என்ன குறை?" "குறையில்லையெண்டால் அதிலை நீர் குடியும். உம்முடைய பேணியை எனக்குத் தாரும்." ஏழு பேர் தங்கள் பேணிக்குள் எதையோ தேடினார்கள். ஒருவர் மட்டும் "வந்த இடத்திலை ஏன் அண்ணை உது?" என்றார், என்னைப் பார்த்து. யோசேப்பு தன் பேணியை நீட்டினான்: "முதலாளி, நான் இன்னும் வாய் வைக்கல்ல. இத அண்ணனுக்குக் குடுக்கிறன்." முதலாளி தாவி அவன் கையைப் பிடித்தார். கடிதம் ஒரு கையில், பேணி மறு கையில். "தம்பி, விடும்! அது வீட்டுப் பேணி."

வாளி

நான் வெளியே வந்தேன். முதலில் கடைக் கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளே நிற்கிற ஒவ்வொரு முகமும் வீதிக்குத் தெரியும்படி, வாழ்நாளில் ஒருநாளும் துடைக்காத அளவுக்குத் துடைத்தேன். பிறகு தண்ணீரைக் கொட்டி, வாளியைக் கவிழ்த்து, வாசலுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஊரில் மறியலுக்கு எப்படி இருந்தோமோ அப்படி.

சனிக்கிழமை, சனம் வருகிற நேரம். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு முறுக்கு வாங்க வந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "என்னண்ணை, குளிருக்கை இருக்கிறியள்?" தேத்தண்ணிக்கு இருக்கிறன் என்றேன். "உள்ளுக்குக் குடுக்கினமே." எல்லோருக்கும் கொடுக்கிற பேணியில் எனக்கில்லை என்றேன். அவள் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். பேணிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் அப்படியில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவர்கள்தான் கூட. ஒருவர் போகிற போக்கில் "பழைய குணம் போகாது" என்றார். யாருடைய குணம் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் யோசேப்பு தன் வாளியோடு வந்து பக்கத்தில் கவிழ்த்தான். "உங்கட யாழ்ப்பாணத்துக் கதை எனக்கு முழுக்க விளங்கல்ல அண்ணன். எவ்வளவு நேரம் குந்தணும்?" ஊரில் ஒரு கடைக்கு முன்னால் பதினொரு நாள் இருந்தோம் என்றேன். "பதினொரு நாளா? இங்க குந்தினா நம்மள ஐஸ்கட்டியாத்தான் தூக்குவாங்க கா." சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், சிரித்துவிட்டேன். பற்கள் அடித்துக்கொண்டன. மனம் முழுவதும் அந்த உறையில் இருந்தது. அதற்குள் இரண்டு பேரா, ஒருவரா, ஒருவருமில்லையா?

மத்தியானம் திரும்பியபோது கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே வியாபாரம் படுத்திருந்தது. இரண்டு விரல் நுனியில் உறையைப் பிடித்து நீட்டினார் முதலாளி. பேணி வரவில்லை. "இந்தாரும், கொண்டு போம். கனடாவுக்கு வந்தும் உதைக் கிளப்புறீரே, வெக்கமில்லையோ?"

எல்லாருக்கும் ஒண்டு

கையுறையைப் பல்லால் கழற்றி உறையைக் கிழித்தேன். கண் நீரில் எழுத்துத் தெரியவில்லை. குளிர் என்று யோசேப்பிடம் சொன்னேன். அவன்தான் வாசித்தான். வீட்டுக் கூரை போய்விட்டதாம், சுவரும் போய்விட்டதாம். தாயும் மகளும் பள்ளிக்கூட மண்டபத்தில் மற்றவர்களோடு இருக்கிறார்களாம். இருவருக்கும் ஒரு கீறலும் இல்லையாம். வெண்ணிலா உறையின் பின்பக்கத்தில் பழைய விலாசத்தையே எழுதியிருந்தாள்: இலக்கம், ஒழுங்கை, கோயில், குறிச்சி. வீடு இல்லை, விலாசத்தை அவள் விடவில்லை. அன்று பின்னேரமே பதில் போட்டேன். இனிமேல் யோசேப்பின் அறை விலாசத்துக்கு எழுதச் சொன்னேன். அனுப்புபவர் விலாசத்தை எப்போதும் இப்படியே முழுதாக எழுது மகள், ஒழுங்கையின் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுது என்றேன்.

கடிதத்துக்காக இனி அந்தக் கடைக்குப் போகத் தேவையில்லை. ஆகையால் அடுத்த சனிக்கிழமை போனேன். பின்மூலையில் அதே ஏழு பேர். ஒவ்வொருவர் கையிலும் கடதாசிக் கப். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள். தட்டில் இருந்த எவர்சில்வர் பேணி ஒன்றுகூட இல்லை, வீட்டுக்குப் போய்விட்டன. முதலாளி அடுக்கிலிருந்து ஒரு கப்பை உருவி, தேத்தண்ணியை ஊற்றி, எனக்கு முன்னால் டக்கென்று வைத்தார். மற்றவனுக்குக் கொடுக்கும் ஏனம். என் தீர்மானத்தின்படி மறுக்க எனக்கு வழியில்லை. நின்றபடி, அவர் முகத்தைப் பார்த்தபடி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். சீனி போதாது. "இப்ப எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றார் அவர். "உமக்குத் திருப்திதானே?"

கடைகளுக்குள் ஏறுவதற்காக இரண்டு நாட்டில் பாதி ஆயுளைக் கொடுத்த நான் கண்ட முழு வெற்றி இதுதான்: நான் பேணிக்கு ஏறவில்லை, ஏழு பேரைக் கடதாசிக் கப்புக்கு இறக்கிவிட்டேன்.